வாவியில் ஏறும் கடன்

சென்ற மாதம் அஸருக்குப் பிறகு கல்லடிப் பாலத்தில் நண்பர் ஒருவருக்காகக் காத்து நின்றேன். நெல் ஆலை வைத்திருப்பவர். காற்றில் வந்த வாடையைப் பற்றிச் சொன்னதும், "தண்ணி தானே காக்கா, மாரி பேஞ்சா கடலுக்குப் போயிடும்" என்றார்.

வியாபாரிகளாகிய எம்மில் அநேகர் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் மட்டக்களப்பு வாவி ஓடும் ஆறல்ல. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இந்த நீர்ப்பரப்பு கடலைத் தொடுவது முகத்துவாரங்களில் மட்டும்தான். வரண்ட காலத்தில் மணல் திட்டு அதையும் அடைத்துவிடும். மாரி வெள்ளம் வந்து உடைக்கும் வரை நாம் விட்டதெல்லாம் எமது வாசலிலேயே கிடக்கும்.

நெல் ஊறவைத்த தண்ணீரில் நஞ்சு இல்லையே என்று நண்பர் கேட்டார். உண்மைதான். ஆனால் அதில் கரைந்திருக்கும் சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, தண்ணீரிலுள்ள ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். மீன் மூச்சுத் திணறும். சாப்பாட்டுக்கடைக் கழிவு, கோழிக்கடை இரத்தம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். கராஜ் எண்ணெய் இன்னும் மோசம்; மேலே படர்ந்து காற்றையே உள்ளே விடாது.

"தண்ணி தானே" என்ற இந்தப் பேச்சு எவ்வளவு செலவு வைக்கும் என்பதைத் தமிழ்நாட்டின் பாலாற்றங்கரையில் பார்க்கலாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகியவை முஸ்லிம்கள் தலைமுறைகளாகத் தோல் வியாபாரத்தில் முன்னின்ற ஊர்கள். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லீற்றர் தண்ணீர் தேவை. அது உப்பையும் குரோமியத்தையும் சுமந்துகொண்டு ஆற்றுக்கும் வயலுக்கும் போனது. கிணறுகள் கெட்டன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேயர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழானது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பொன்று இந்திய உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஓகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 இந்திய ரூபா தண்டமும் விதித்தது.

தண்டம் சின்னத் தொகை. பெரிய கணக்கு பின்னால் வந்தது. 2001இல் அதற்கென அமைந்த அதிகாரசபை 29,193 பேருக்கு 547 தொழிற்சாலைகள் 26 கோடிக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டது. அதுவும் 1998 வரையான காலத்துக்கு மட்டும். 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. பாக்கி இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் அறவிட வேண்டும் என்றது. வாப்பா விட்ட தண்ணீருக்கு மகன் கணக்குக் கொடுக்கிறார்.

அங்கே சிறியவர்கள் பிழைத்தது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால்தான். தனியே கட்ட முடியாதவர்கள் பங்கு போட்டுக் கட்டினார்கள். ஆனால் கட்டியதோடு வேலை முடியவில்லை. சாதாரண சுத்திகரிப்பு உப்பை எடுக்காது. அதற்குச் சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும் வேண்டும், மின்கட்டணம் தாங்காது. மிஞ்சும் சேற்றையும் எங்காவது வைத்தாக வேண்டும். 2015 ஜனவரி 31இல் இராணிப்பேட்டையில் பொது நிலையமொன்றின் சேற்றுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ஆகவே மலிவான இடம் குழாயின் ஆரம்பம்தான். தோலிலுள்ள உப்பை நனைக்குமுன் உதறி எடுத்துவிட்டால் அது தண்ணீருக்கே போகாது. குரோமியத்தைப் பிரித்தெடுத்தால் திரும்பப் பாவிக்கலாம். அது செலவல்ல, சரக்கு.

எமக்கும் இதே வழிதான். எனது சாப்பாட்டுக்கடையின் பின்புறக் கான் மாதம் ஒருமுறை அடைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு அறை கொண்ட சின்னத் தொட்டி கட்டினேன். கொழுப்பு மேலே மிதந்து நிற்கும், தண்ணீர் கீழ்ப்பக்கத்தால் போகும். வாரம் ஒருமுறை வழித்தெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கட்டியும் பயனில்லை (முதல் மாதம் நானும் எடுக்கவில்லை). சட்டியை எண்ணெயோடு கழுவாமல் முதலில் கடதாசியால் துடைப்பதே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

அனுமதி விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், பட்டியலிடப்பட்ட தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். தொழிலின் தன்மையையும் அளவையும் பொறுத்து மத்திய சுற்றாடல் அதிகாரசபையோ உள்ளூராட்சி மன்றமோ அதை வழங்கும். யாராவது முறைப்பாடு செய்த பிறகு ஓடுவதைவிட முன்னமே எடுத்து வைப்பது நல்லது.

நண்பர் பக்கத்து ஆலைக்காரர்கள் இருவரோடு பேசியிருக்கிறார். மூவருக்கும் ஒரே தொட்டி, செலவு நெல் மூட்டைக் கணக்கில் என்பது வரை சம்மதம். தொட்டிக்கு யார் காணி கொடுப்பது என்பதில் வந்து நிற்கிறது.