ஒற்றர் ஜேம்ஸ் லஃபாயெட்
ஓவியர்: ஜான் பி. மார்ட்டின், சுமார் 1824

நீல ராணுவக் கோட்டும் பித்தளைப் பொத்தான்களுமாக இருக்கும் இவர், வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1781இல், அமெரிக்க விடுதலைப் போரின்போது, பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டின் ஒற்றராக, ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் முகாமுக்குள் புகுந்தார். ஆங்கிலேயரோ, அவர் தங்களுக்குத்தான் உளவு பார்ப்பதாக நம்பினார்கள்! அவர் அனுப்பிய தகவல்கள் யார்க்டவுன் வெற்றிக்குக் கைகொடுத்தன.

போர் முடிந்தது, அவரோ அடிமையாகவே இருந்தார். எஜமானருக்குப் பதிலாகப் படையில் சேர்ந்தவர்களை விடுவித்த 1783ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒற்றர்களுக்கு இடமில்லை. 1784இல் லஃபாயெட் தம் கைப்பட நற்சான்று எழுதித் தந்தார். அதன்பிறகும் மனு போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1787இல்தான் வர்ஜீனியா சட்டமன்றம் அவரை விடுவித்தது. அவருக்கான விலையை எஜமானருக்கு அரசே கொடுத்தது. தளபதியின் பெயரை அவர் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.