நாலு மணி நேரக் கோடு

பிள்ளை பெற்றுச் சில நாள் கழித்து ஒரு பெண்ணுக்குத் தன்னையறியாமல் சிறுநீர் கசியத் தொடங்குகிறது. நிற்கவே இல்லை. காரணம், பிரசவத்தின்போதே நடந்து முடிந்துவிட்டது.

குழந்தையின் தலை இடுப்பெலும்பு வளையத்தில் சிக்கிக்கொண்டால், முன்னால் கெட்டியான எலும்பு, பின்னால் கெட்டியான தலை. நடுவில் அகப்படுவது சிறுநீர்ப்பையும் பிறப்புவழியும். இரண்டுக்கும் இடையிலுள்ள சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். ஒவ்வொரு வலியும் அதை நசுக்க, விரலில் நூலை இறுக்கிக் கட்டியதுபோல் ரத்தம் நின்றுபோகிறது. இந்த நிலை ஓரிரு நாள் நீடித்தால் திசு செத்துப் பின்னர் உதிர்ந்து, துளை திறக்கிறது. இதுதான் பிஸ்டுலா: இரண்டு உறுப்புகளுக்கு நடுவே இருக்கக் கூடாத வழி. நாளொன்றுக்குச் சிறுநீரகம் பிரிக்கும் சுமார் ஒன்றரை லிட்டரில் பெரும்பகுதி அதன் வழியே வெளியேறிவிடும். பெரும்பாலும் குழந்தையும் பிழைத்திருக்காது.

இளம்பெண்களுக்கு ஆபத்து கூடுதல். உயரம் கூடுவது நின்றபிறகும் இடுப்பெலும்பு சில ஆண்டுகள் அகன்றுகொண்டிருக்கும். அது முடியுமுன் வரும் கர்ப்பத்தில் வழி குறுகலாகவே இருக்கும்.

துளையைத் தேடும் முறை எளிமையானது. நீலச் சாயம் கலந்த நீரைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவார்கள். பிறப்புவழியில் வைத்த பஞ்சு நீலமானால் துளை உறுதி. சின்னத் துளையாக இருந்து, அந்தப் பெண் சீக்கிரமே சிகிச்சைக்கு வந்துவிட்டால், கதீட்டர் என்ற வடிகுழாயை வைத்துச் சிறுநீர்ப்பையை வாரக்கணக்கில் காலியாக வைத்திருந்தாலே சிலருக்குத் தானாக மூடிக்கொள்ளும். மற்றவர்களுக்கு அறுவைச் சிகிச்சை. ஒட்டிக் கிடக்கும் இரு சுவர்களையும் பிரித்து, இழுப்பு விழாமல் தனித்தனியே தைக்க வேண்டும். ரத்த ஓட்டம் போதாவிட்டால், பிறப்புறுப்பின் வெளியிதழிலுள்ள கொழுப்பை அதன் ரத்தக்குழாய் அறாமல் உள்ளே இழுத்து, இரு தையல்களுக்கும் நடுவே வைப்பார்கள். 1928இல் ஜெர்மன் மருத்துவர் மார்ட்டியஸ் சொன்ன அபாரமான யோசனை இது. தேர்ந்த கைகளில் பத்தில் எட்டுத் துளைகளாவது மூடுகின்றன.

இந்த அறுவையின் தொடக்கம் கொடுமையானது. 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்க்கா, பெட்சி, லூசி என்ற அடிமைப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுத்துத்தான் இதைக் கற்றார். அந்த மூன்று பெயர்களையும் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதக் கூடாது.

துளை விழாமலே தடுக்க ஒரு தாள் போதும் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. அதன் பெயர் பார்ட்டோகிராஃப், பிரசவ வரைபடம். கருப்பை வாய் விரிவதை நேரத்தோடு சேர்த்துக் குறித்துவருவார்கள். 1972இல் ஆப்பிரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் பில்பாட், அதில் எச்சரிக்கைக் கோடு ஒன்றும், 4 மணி நேரம் தள்ளிச் செயல் கோடு ஒன்றும் வரைந்தார். முதல் கோட்டைத் தாண்டினால், கிராமத்து நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். பயணத்துக்கான அவகாசம்தான் அந்த இடைவெளி.

நம்மூரில், ஏற்காட்டு மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் சேர அந்த நாலு மணி நேரம் தாராளம். ஆனால் சேர்வராயன் மலையின் உட்கிராமத்திலிருந்து டோலி கட்டித் தூக்கிவரும் நேரம் எந்தத் தாளிலும் ஏறாது. அதற்காகத்தான் தமிழ்நாட்டில் பழங்குடிப் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் வந்தன. நாள் நெருங்கியதுமே வந்து தங்கிவிடலாம், துணைக்கு ஒருவரும் கூட இருக்கலாம்.