உஷார்! அந்தக் கறுப்புக் கல்லை உடைக்காதீர்கள்

கன்னங்கரேல் நிறம், கண்ணாடி மினுமினுப்பு, உடைந்த இடத்தில் சிப்பியின் உட்புறம் போல வளைந்த வழவழப்பு. கையில் எடுத்தால் மட்டும் அளவுக்கு மீறிய கனம். இப்படியொரு கல் உங்கள் சேகரிப்பில் இருந்தால், எரிமலைக் கண்ணாடிதானே என்று சுத்தியலைத் தூக்கிவிடாதீர்கள். அது காடோலினைட்டாக இருக்கலாம்!

1787இல் ஸ்வீடனின் இட்டர்பி சுரங்கத்தில் கார்ல் ஆக்செல் அர்ரேனியஸ் என்ற ராணுவ அதிகாரியின் கண்ணில் பட்ட கல் இது. 1794இல் யோஹான் காடோலின் இதில் ஒரு புதிய ஆக்சைடைக் கண்டறிந்தார். அருமண் தனிமங்களின் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் இதே கல்லுக்குள் பெரிலியமும் இருந்தது. 1798 வரை அப்படியொரு தனிமம் இருப்பதே யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். தூய காடோலினைட்டின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பெரிலியம் ஆக்சைடு. பெரிலியம் கலந்த தூசு மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். நோய் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். போதாக்குறைக்கு, பெரும்பாலான காடோலினைட் கற்களில் தோரியமும் யுரேனியமும் கொஞ்சம் கலந்திருக்கும்.

ஆகவே உலர்ந்த நிலையில் அறுப்பது, தேய்ப்பது, பொடிப்பது எதுவும் கூடாது. பீங்கான் ஓட்டில் உரசி, பச்சை கலந்த சாம்பல் கோடு விழுகிறதா என்று பார்ப்பதும் தூசு கிளப்பும் வேலைதான். அடுப்பில் வைத்துச் சூடாக்கவே கூடாது.

கல்லை அடையாளம் காணத் தூசில்லாத வழி ஒன்று உண்டு. கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு நூலில் கட்டி, நீரில் முழுக்க மூழ்கும்படி தராசில் தொங்கவிட்டு நிறுங்கள். 100 கிராம் எரிமலைக் கண்ணாடி நீருக்குள் ஏறத்தாழ 40 கிராம் எடை குறையும். காடோலினைட் 21 முதல் 25 கிராம்தான் குறையும், ஏனென்றால் அதன் ஒப்படர்த்தி 4.0 முதல் 4.7 வரை. அல்லனைட் என்ற இன்னொரு அருமண் சிலிக்கேட்டும் இந்தக் கணக்கை ஒட்டி வரும். அதுவும் கதிர்வீசும் கல்தான். இரண்டில் எது என்பதை ஆய்வகம் சொல்லட்டும்.

அதுவரை கல்லை மூடிய பெட்டியில் போட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில், படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்!