ரங்கூனில் வாங்கிய நூறு கியாட்

வெளியூர் போனால் எனக்கு இரண்டு பழக்கம். ஓரமாக எங்காவது உட்கார்ந்து பென்சிலில் வரைவது ஒன்று. பழைய சாமான் கடை கண்ணில் பட்டால் உள்ளே நுழைந்துவிடுவது இன்னொன்று. 2019இல் ரங்கூனில் (இப்போது யாங்கோன்) இருந்த ஐந்து நாளும் இதுதான் வேலை. வியாசர்பாடி பி.வி. காலனிக்காரனுக்கு அதை முழுசா வெளியூர் என்றும் சொல்ல முடியாது. எங்க பக்கம் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் நிறைய. எங்க ஆயாவும் 1965இல் கப்பலில் வந்து இறங்கினதுதான்.

போட்டோ எடுக்க ஒரு நொடி போதும். வரைவதென்றால் ஒரு மணி நேரம் அதையே பார்த்தாகணும். பான்சோடான் தெருவில் சோஃபேர் கட்டடத்தை (1906) வரைந்துகொண்டிருந்தேன். முன்னால் நின்ற டாக்சிக்கு வந்தபோது பென்சில் நின்றுவிட்டது. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன, ஸ்டியரிங்கும் வலப்பக்கம்! காரணம் இதுதான்: அதுவரை நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டிய நாடு, 1970இல் வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓட்டிக் கழித்தவை, அங்கே இன்னும் இடப்பக்கம்தான். அதனால் டிரைவர் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், ஓவர்டேக் எடுக்கும்போது எதிரே வருவது அவருக்குச் சரியாகத் தெரியாது. மூன்று நாள் அதே டாக்சிகளில் போயிருக்கிறேன், வரைகிறவரை கவனிக்கவில்லை.

அந்தத் தெரு நடைபாதையிலேயே பழைய புத்தகங்கள் பரப்பியிருக்கும். பக்கத்தில் 37ஆம் தெருவில் பர்மாவைப் பற்றிய அரிய புத்தகங்களை ஜெராக்ஸ் எடுத்து, பைண்டு பண்ணியும் விற்கிறார்கள்.

கடைசி நாள் போஜோ ஆங் சான் மார்க்கெட். 1926இல் கட்டியது, பழைய பெயர் ஸ்காட் மார்க்கெட். நம்ம மூர் மார்க்கெட் மாதிரியே நகராட்சியை நடத்திய ஒரு வெள்ளைக்காரர் பெயர். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோச்சு, இது நிற்கிறது. பழைய நாணயம் விற்கிற ஒரு கடையை வரைந்தேன். கடைக்கார அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார், நோட்டு ஆல்பத்தை எடுத்து நீட்டினார். (முதலில் வரையுங்கள், பேரம் அப்புறம். எனக்கு எல்லா ஊரிலும் பலித்திருக்கிறது.)

நாலாவது பக்கத்தில் ஆங் சான் படம் போட்ட 100 கியாட் நோட்டு.

1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசுடைமையாக்கினார்கள். அந்த வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. சேர்த்து வைக்கிறவன் பெரிய நோட்டாகத்தானே வைப்பான்? ஆயாவின் அப்பா அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாராம். இந்தியர்கள் லட்சக்கணக்கில் கிளம்பியது இதற்குப் பிறகுதான்.

செல்லாமல் போன அந்த நோட்டை அதில் அச்சடித்திருந்ததைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கினேன். படத்துக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்து ஆயாவிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இதுக்குப் போயி காசு குடுத்தியாடா?"

கசங்கக் கூடாதென்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். ஆயா அதை உருவி, நாலாக மடித்து, சுருக்குப்பையில் போட்டுக்கொண்டது.