ஏலமலைச் சரிவுகளில் மாறிவரும் மழையும் மலைவாசிகளின் ஜீவனமும்

தேனி ஜில்லாவில் போடிநாயக்கனூர், சிலமலை முதலிய ஊர்களைச் சூழ்ந்துள்ள நிலங்களின் நீர்வளம், அவற்றிற்கு மேற்கே எழுந்து நிற்கும் மலைத்தொடரைப் பொறுத்ததாகும். கொட்டகுடி ஆறு குரங்கணி மலைப்பகுதியிற் பிறந்து, போடிநாயக்கனூர் வழியாகச் சென்று, இறுதியில் வைகை நீரோடு சேர்கிறது. மலைக்கு அப்பால் இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. இச்சரிவுகளில் பன்னெடுங்காலமாக வாழ்ந்துவரும் பளியரும் முதுவரும் மழை, பூ, தேன், கிழங்கு ஆகியவற்றின் பருவத்தை நன்கு அறிந்தவர்கள். சமீப வருஷங்களில் மழையின் காலமும் வேகமும் மாறிவருவதால் அவர்களுடைய ஜீவனம் தடுமாறுகின்றது. அத்தடுமாற்றம் எவ்வாறு ஏற்படுகிறது, அதனை அவர்கள் எவ்விதம் சமாளித்து வருகின்றனர், நிலச்சுவான்தார்களும் கிராமாதிகாரிகளும் இதிற் செய்யக்கூடியது யாது என்பவை இங்குக் கூறப்படும்.

மலைவாசிகளின் பழைய ஜீவனம்

பளியர் பழனிமலை, வருஷநாடு, ஏலமலை முதலிய இடங்களில் வசிப்பவர்கள். முற்காலத்தில் பாறைக் குகைகளிலும் புற்குடிசைகளிலும் தங்கி, காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டியும், தேன் எடுத்தும், காட்டுச் சரக்குகளைச் சேகரித்தும் பிழைத்தனர். 1909ஆம் வருஷத்தில் வெளியான எட்கர் தர்ஸ்டன் என்பாரின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் இவர்களைக் குறித்த விவரங்கள் உள்ளன. போடியை அடுத்த சிறைக்காட்டில் இன்றும் பளியர் குடியிருப்பு இருக்கின்றது.

முதுவர் தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என வழிவழியாகக் கூறுவர். மலைச்சரிவில் புதரை வெட்டி எரித்துக் கேழ்வரகு விதைத்து, மண் சாரம் குறைந்ததும் வேறிடம் செல்லுதல் இவர்களுடைய பழைய சாகுபடி முறை. குரங்கணியை அடுத்த முதுவாக்குடி இவர்களுடைய ஊராகும். காடுகள் சர்க்கார் காப்பிற்கு உட்பட்டபின் இம்முறை குறைந்தது. இன்று இவ்விரு வகுப்பாரிற் பெரும்பாலோர் சிறுதோட்டப் பயிரையும், தோட்டக் கூலியையும், காட்டுச் சரக்கையும் சேர்த்தே குடும்பம் நடத்துகின்றனர். இம்மூன்றும் மழையின் பருவத்தை நம்பியவை.

மழை மாறிய விதம்

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலையின் மேற்குப்புறத்தில் கொட்டிவிடுகின்றது. ஆகையால் போடிப் பக்கத்துச் சரிவுகளும் அடிவாரமும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்கு மழையையே பெரிதும் நம்பியுள்ளன. இவ்விரு பருவங்களுக்கும் இடையே, மாசி, பங்குனி, சித்திரையில் விழும் சிறு கோடைமழை அளவில் அற்பமாயினும் மலைப்பயிர்களுக்கு உயிர் போன்றது.

2011 முதல் 2020 வரையுள்ள பத்து வருஷங்களில் பூமியின் மேற்பரப்பு உஷ்ணம், 1850 முதல் 1900 வரையிருந்த நிலையைவிடச் சுமார் 1.1 டிகிரி செண்டிகிரேட் கூடியிருந்தது. இந்திய சர்க்காரின் புவி அறிவியல் அமைச்சகம் 2020ஆம் வருஷத்தில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்நாட்டின் சராசரி உஷ்ணம் சுமார் 0.7 டிகிரி உயர்ந்துள்ளது. 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை சுமார் 100க்கு 6 பங்கு குறைந்தது. இக்குறைவு கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குறிப்பாகக் காணப்படுகிறது என்றும் அம்மதிப்பீடு கூறுகின்றது.

மொத்த மழை குறைவதாயின், பெருவெள்ளம் ஏன் வருகின்றது என்ற ஐயம் எழலாம். காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி கூடினால், அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 100க்கு 7 பங்கு கூடுகின்றது. ஆகவே மழையில்லா நாட்கள் நீளுகின்றன. பெய்யும் நாளிலோ மிகுதியாகக் கொட்டுகின்றது. பத்து நாட்களில் மெல்லப் பெய்யும் மழை மண்ணில் ஊறி ஊற்றாகும். அதே அளவு ஒரே நாளில் பெய்தால் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடிவிடும். 2018ஆம் வருஷம் ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை கேரள ராஜ்யத்தில் வழக்கத்தைவிட 100க்கு 42 பங்கு அதிகமாக மழை பெய்து பெருஞ்சேதம் விளைந்தது. 2020ஆம் வருஷம் ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளரும் அவர்கள் குடும்பத்தாருமாக 70 பேர் மாண்டனர். 2024ஆம் வருஷக் கோடையிலோ, அதே இடுக்கி ஜில்லாவில் வறட்சியினால் ஏலச்செடிகள் பெரும்பரப்பில் கருகின.

பயிர்களுக்கு நேரும் இடையூறு

ஏலம் சுமார் 2,000 முதல் 4,000 அடி உயரமுள்ள, நிழலும் ஈரமும் பொருந்திய இடங்களில் செழிப்பது. இதன் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால், மழையில்லா வாரங்கள் நீண்டால் செடி விரைவில் வாடும். தொடர்ந்து கனமழை பெய்தாலோ அழுகல் நோய் கண்டு காய்கள் உதிரும். ஏலப்பூ ஒரு நாளே விரிந்திருக்கும். தேனீக்கள் வந்து மகரந்தம் சேர்த்தாலன்றிக் காய் நன்கு பிடிக்காது. விடாமழையில் தேனீக்கள் வெளிவருவதில்லை.

காப்பிச்செடியின் மொட்டுகள் கோடைமழை பட்ட சுமார் பத்து நாட்களில் மலரும். அம்மழை முந்தினால் பூ அகாலத்தில் மலரும். பிந்தினால் மொட்டு கருகும். சரிவுகளில் வளரும் இலவமரத்தின் காய்கள் பங்குனி, சித்திரையில் முற்றி வெடிக்குங்கால் எதிர்பாராத மழை பெய்தால், பஞ்சு நனைந்து நிறங்கெட்டு விலை இழக்கும். இவ்வாறு ஒரே மழை ஒரு பயிருக்கு அனுகூலமாயும் மற்றொன்றிற்குப் பிரதிகூலமாயும் முடிகின்றது.

மலைத்தேனீக்கள் பூவைத் தொடர்ந்து இடம் பெயர்பவை. பூக்கும் காலம் மாறினால், பாறைகளில் அவை கூடு கட்டும் காலமும் மாறும். கொடிகளைக் கயிறாகக் கட்டி, புகையிட்டுத் தேன் எடுக்கும் பளியருடைய உழைப்பு வீணாகலாம். 12 வருஷத்திற்கொருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொண்டு மலைவாசிகள் வயதைக் கணக்கிட்டு வந்தனர் என்பர். 2018ஆம் வருஷத்தில் மூணாற்றுப் பக்கத்தில் அம்மலர்ச்சியும் பெருமழையினாற் பாதிக்கப்பட்டது. அவ்வருஷமே மார்ச்சு 11ஆம் தேதி குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீப்பரவி, மலையேறச் சென்றவர்களில் 23 பேர் உயிரிழந்தனர். உலர்ந்த கோடையில் தீ எத்துணை விரைவில் பரவும் என்பதற்கு அது சான்று.

இங்குக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 2018ஆம் வருஷத்து வெள்ளத்தையும், அதன்பின் வந்த வறட்சியையும் அடுத்து ஏல மகசூல் குறைந்தபோது, 2019ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஏலக்காய் கிலோ ஒன்றிற்கு 7,000 ரூபாய் வரை விலைபோயிற்று. சரக்கு வைத்திருந்தவருக்கு நஷ்டத்தை விலை ஓரளவு ஈடுசெய்தது. ஆனால் காய் இல்லாத தோட்டத்தில் காய் எடுக்கும் வேலையும் இல்லை. விலை உயர்வு கூலியாளின் வீட்டை எட்டுவதில்லை. மலைவாசி இருமுறை நஷ்டமடைகிறான்: தன் சிறுதோட்டத்தில் ஒருமுறை, கூலி நாட்களில் மற்றொரு முறை.

மலைவாசிகள் கைக்கொள்ளும் வழிகள்

இந்நிலையில் மலைவாசிகள் பழைய வழக்கங்களிற் சிலவற்றைக் காத்தும், புதியன சிலவற்றை ஏற்றும் வருகின்றனர்.

முதலாவது, கிழங்கு. காட்டு வள்ளிக்கொடி மழை தவறிய காலத்தும் மண்ணுக்குள் உணவைச் சேமித்து வைத்திருப்பது. கிழங்கைத் தோண்டுங்கால் கொடியோடு கூடிய தலைப்பாகத்தை மண்ணிலேயே விட்டு மூடுதல் தென்னிந்திய மலைவாசிகள் பலரிடம் உள்ள வழக்கம். அடுத்த மழையில் அது மீண்டும் தழைக்கும். இதுவே பஞ்ச காலத்திற்கான அவர்களுடைய களஞ்சியம்.

இரண்டாவது, கலப்புத் தோட்டம். இலவம், காப்பி, மிளகு, எலுமிச்சை ஆகியவற்றை ஒரே நிலத்தில் வளர்த்தால், ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஒரே பயிரை நம்பிய பெருந்தோட்டத்தைவிட இத்தகைய சிறுதோட்டம் மழையின் மாறுபாட்டை நன்கு தாங்கும்.

மூன்றாவது, கேழ்வரகு. மூணாற்றிற்கு அப்பால், மழைமறைவுப் பிரதேசமான சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தில் தாயண்ணன்குடி என்னும் முதுவர் குடியிருப்பு உள்ளது. அங்குள்ளோர் கைவிடப்பட்டிருந்த தம் கேழ்வரகு வகைகளை, கேரள வனத்துறையின் ‘புனர்ஜீவனம்’ என்ற திட்டத்தின் உதவிகொண்டு மீண்டும் விதைத்து மீட்டனர். கேழ்வரகு குறைந்த ஈரத்தில் சுமார் நான்கு மாதத்தில் விளைவது. பூச்சி அரிக்காமல் நெடுநாள் சேமிக்கத்தக்கது. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உடையது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் வருஷத்தைச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியதும் நினைக்கத்தக்கது.

எனினும் இவ்வழிகள் யாவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. காப்பி பலன் தரச் சில வருஷங்களாகும், இலவத்திற்கும் அவ்வாறே. நாளை வெளியேற்றப்படுவோமோ என்று அஞ்சுபவன் இன்று மரம் நடான்.

சட்டம் அளிக்கும் பாதுகாப்பு

2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இவ்வச்சத்தை நீக்கும்பொருட்டு ஏற்பட்டது. 2005ஆம் வருஷம் டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன்பிருந்தே வனநிலத்தில் குடியிருந்து பயிரிட்டுவரும் பழங்குடி மக்களுக்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல், அனுபவத்திலுள்ள அளவிற்கு உரிமை வழங்க அது வகை செய்கின்றது. இவ்வுரிமை வாரிசுகளுக்குச் சேரும், பிறருக்கு விற்கலாகாது, கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். தேன், மெழுகு, மூங்கில், மருந்துச் செடிகள், வேர்கள், கிழங்குகள் ஆகிய சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையும் இதில் அடங்கும். உரிமையை விசாரித்து முடிக்கும்வரை எவரையும் வெளியேற்றக்கூடாதென்றும் சட்டம் கூறுகின்றது.

மனுவை முதலில் ஏற்று விசாரிப்பது கிராம சபையே. 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவை அச்சபை தேர்ந்தெடுக்கும். அதில் மூன்றில் இரு பங்கினர் பழங்குடியினராயும், மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் பெண்களாயும் இருத்தல் வேண்டும். பட்டா, ரசீது முதலிய காகிதம் இல்லாதவருக்கு மனுதாரரல்லாத முதியோர் கூறி, எழுத்தில் பதிவான வாக்குமூலமும் சாட்சியமாகும். உரிமை பெற்றவர்களும் கிராம சபையும் காட்டையும், நீர்ப்பிடிப்புப் பகுதியையும், ஊற்றுகளையும் காக்கும் கடமையுடையவர்கள் எனவும் அச்சட்டத்தில் கண்டிருக்கின்றது. அடிவாரத்துக் கிணறுகளை நம்பியுள்ள குடியானவர்கள் இக்கடைசி விதியைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

குடியானவர்களும் கிராமாதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

1. வனத்தை அடுத்த ஊராட்சிகளில் வன உரிமைக் குழு உளதா, நிலுவையிலுள்ள மனுக்கள் எவை என்பதைக் கிராமாதிகாரிகள் கணக்கெடுத்துக் கிராம சபையின் முன் வைத்தல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத முதியோரின் வாக்குமூலத்தைக் காலந்தாழ்த்தாமல் எழுதிக்கொள்ளுதல் அவசியம். அவர் மறைந்தால் அச்சாட்சியமும் மறையும்.

2. ஏலத்தோட்டக்காரர் நிழல்மரங்களை மகசூலின் ஆசையால் மிகுதியாகக் கழித்தல் கூடாது. உஷ்ண மிகுந்த வருஷங்களில் நிழலே ஈரத்தைக் காப்பது. செடியடியில் சருகு மூடாக்கு இடுதலும் நலம்.

3. ஏலம் பூத்திருக்கும் நாட்களில் காலை வேளையில் பூச்சிமருந்து தெளிக்கலாகாது. தேவையாயின் தேனீக்கள் திரும்பிய பின் மாலையிலேயே தெளித்தல் வேண்டும். தேனீ அழிந்தால் தோட்டக்காரருக்குக் காயும், பளியருக்குத் தேனும் ஒருங்கே போகும்.

4. தை மாதத்திற்குள் காட்டோரங்களில் காய்ந்த புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு அமைக்கும் வேலையில், காட்டின் வழிகளை அறிந்த மலைவாசிகளுக்கு முன்னுரிமையும் உரிய கூலியும் அளித்தல் தகும்.

5. கேழ்வரகு, சாமை, தினை முதலியவற்றின் உள்ளூர் விதைகள் எவரிடமேனும் எஞ்சியிருப்பின், அவற்றை வாங்கி உண்டு தீர்த்துவிடாமல், விதைக்கென ஒரு பகுதியைப் பெருக்கி மீண்டும் மலைவாசிகளுக்கே கொடுத்தல் வேண்டும்.

மலைமேல் வசிக்கும் சில குடும்பங்களின் காரியம்தானே என இதனை ஒதுக்குதல் விவேகமன்று. சரிவில் மரமும் ஆளும் நிலைத்திருந்தால் ஊற்று நிலைக்கும். ஊற்று நிலைத்தால் கொட்டகுடி ஆற்றில் கோடையிலும் சிறிது நீர் காணலாம். அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்தில் மலைக் குடியிருப்புகளின் மனுக்களை முதற்பொருளாக எடுத்துக்கொள்வது, இதற்கென அடிவாரத்தார் செலவின்றிச் செய்யக்கூடிய முதல் வேலையாகும்.