டி.என்.ஏ ரிப்போர்ட் இருந்தும் விடுதலை ஏன்?

2017 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. போரூரை அடுத்த முகலிவாக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில் விளையாடிக்கொண்டிருந்த 7 வயதுச் சிறுமி காணாமல் போனாள். சில நாள்களில் அவள் உடல் எரிந்த நிலையில் கிடைத்தது. அதே குடியிருப்பில் வசித்த இளைஞரை மாங்காடு போலீஸார் கைது செய்தார்கள். பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கம் பிள்ளைகளைத் தனியே மாடிப்படி இறங்க விடவே பெற்றோர் பயந்த நாள்கள் அவை.

2018 பிப்ரவரி 19-ல் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது. அன்று மாலையே வாட்ஸ்அப் குரூப்களில் கொந்தளிப்பு. ‘டி.என்.ஏ, சிசிடிவி எல்லாம் இருந்துமா விட்டுட்டாங்க?’

கோபம் நியாயமானது. ஆனால், அது யார் மீது பாய வேண்டும் என்பதுதான் விஷயம்.

நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அடங்கிய அமர்வு, ‘டி.என்.ஏ பொய்’ என்று சொல்லவில்லை. தடயங்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, இடையில் எங்கே இருந்தன என்ற சங்கிலியை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்றது. கோயில் சிசிடிவி காட்சியும் உரிய முறையில் நீதிமன்றத்துக்கு வந்து சேரவில்லை. சாட்சி விசாரணை தொடங்கச் சில நாள்கள் இருக்கும்போதுதான் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்ட உதவி வழக்கறிஞரே கிடைத்தார். டிசம்பரில் ஆரம்பித்து பிப்ரவரியில் தூக்கு. அந்த வேகத்தை அன்று நாம் எல்லோரும் பாராட்டினோம்.

சரி, டி.என்.ஏ ‘பொருந்தியது’ என்றால் என்ன பொருள்? லேபுக்கு வந்த துணியில் இருக்கும் மரபணு இன்னாருடையது என்று பொருள். அவ்வளவுதான். அந்தத் துணியில் அது எப்போது, எப்படி ஒட்டியது என்று எந்த மெஷினும் சொல்லாது. மாங்காட்டிலிருந்து மயிலாப்பூர் தடய அறிவியல் துறை அலுவலகத்துக்கு 20 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால், அந்த வழியில் கவர் திறக்கப்பட்டதா, சீல் மாற்றப்பட்டதா, எத்தனை நாள் ஸ்டேஷன் அலமாரியில் கிடந்தது என்பதற்குப் பதில் பேப்பரில் இருக்க வேண்டும். ஈரத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தாலே பூஞ்சை பிடித்து மரபணு கெட்டுப்போகும். காயவைத்துக் காகித உறையில் போட வேண்டும் என்பது பாலபாடம்.

ஜெர்மனியில் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஹைல்பிரான் நகரில் 2007-ல் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ, ஆஸ்திரியா, பிரான்ஸ் வரை சுமார் 40 குற்ற இடங்களிலும் இருந்தது. ‘முகம் தெரியாத பெண் கொலையாளி’ என்று ஊரெல்லாம் தேடினார்கள். 2009-ல் உண்மை தெரிந்தது. தடயம் எடுக்கும் பஞ்சுக் குச்சி தயாரித்த தொழிற்சாலையின் ஊழியர் அவர்!

இன்னொன்று 2012-ல் கலிபோர்னியாவில். கொலையான செல்வந்தரின் நகத்தில் ஒருவரின் டி.என்.ஏ கிடைத்ததால் அவரைச் சிறையில் வைத்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் போதையில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார். முன்னிரவில் அவரைத் தூக்கிப்போன ஆம்புலன்ஸ் ஊழியர்களே, பிறகு கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். மரபணு அவர்களோடு பயணம் செய்திருக்கிறது. அவர் ஐந்து மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். ஆஸ்பத்திரி ரெக்கார்ட் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்?

அதற்காக டி.என்.ஏ-வே வேண்டாம் என்று சொல்வதும் அபத்தம். 1980-களில் இங்கிலாந்தில் இரண்டு சிறுமிகள் கொலை வழக்கில் இந்தச் சோதனை முதலில் காப்பாற்றியது, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பையனை. அதன் பிறகுதான் நிஜக் குற்றவாளி சிக்கினான். கைரேகையைவிட வலுவான சாட்சி இது. அதனால்தான் அதை அலட்சியமாகக் கையாள்வது எரிச்சலூட்டுகிறது.

நம் ஊரில் இது முதல் முறையும் அல்ல. தேனி மாவட்டம் சுருளி அருவியில் 2011-ல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கிலும், தூக்குத் தண்டனை பெற்றவர் 2025 ஜூலை 15-ல் இதே மூன்று நீதிபதிகளால் விடுதலையானார். அங்கேயும் மாதிரிகள் லேபுக்குப் போனதில் விளக்கம் இல்லாத தாமதம். டெல்லி சாவ்லா வழக்கில் சுமார் பத்து நாள் போலீஸ் கிடங்கிலேயே இருந்த மாதிரிகளைக் காட்டி, 2022-ல் மூவர் வெளியே வந்தார்கள்.

சுருளி தீர்ப்பில் நாடு முழுமைக்குமான உத்தரவு ஒன்று இருக்கிறது. டி.என்.ஏ மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தை கேஸ் டைரியில் எழுத வேண்டும். கோர்ட் அனுமதி இல்லாமல் சீலைத் திறக்கக் கூடாது. எடுத்த நாள் முதல் வழக்கு முடியும்வரை மாதிரி கைமாறியதையெல்லாம் குறிக்க ஒரு பதிவேடு வேண்டும். கோயில் நகைக்குக்கூட எப்போதோ வந்துவிட்ட நடைமுறை இது; கொலை வழக்கின் தடயத்துக்கு 2025-ல்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஒரு தகவல். புதிய பி.என்.எஸ்.எஸ் சட்டப்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாள்களுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்போது, ‘கைது ஆகிட்டாரா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘மாதிரி எந்தத் தேதியில் லேபுக்குப் போச்சு, பதிவேட்டில் எழுதியாச்சா?’ என்றும் கேளுங்கள்.

முகலிவாக்கம் சிறுமியின் பெற்றோருக்கு அப்படிக் கேட்க யாரும் சொல்லித்தரவில்லை. எட்டரை ஆண்டுகள் கழித்து, தங்கள் மகளைக் கொன்றது யார் என்ற கேள்விக்குச் சட்டத்தின் பார்வையில் இன்று அவர்களிடம் விடை இல்லை.