செத்தால் என்ன ஆகும்? கேம் ஆரம்பிக்கும் முன் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் வேர்டுக்கும் எக்ஸெலுக்கும் முன்பே கேம்ஸ் வந்து உட்கார்ந்துவிடும். தவறில்லை. மவுஸும் கீபோர்டும் கைக்குப் பழகுவது அதில்தான். ஆனால் எந்த கேமை நிறுவினாலும், அதில் செத்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கேள்வி கம்ப்யூட்டரை விடப் பழையது. 19-ம் நூற்றாண்டில் பில்லியர்ட்ஸ் மேஜையில் பணம் வைத்து லைஃப் பூல் என்ற ஆட்டம் ஆடினார்கள். ஆளுக்கு ஒரு நிறப் பந்து, மூன்று உயிர். உங்கள் பந்தை ஒருவர் குழியில் தள்ளினால் ஓர் உயிர் போகும், அவருக்குக் காசும் தர வேண்டும். மூன்றையும் முதலில் இழப்பவர் மட்டும் மறுபடி பணம் கட்டி உள்ளே வரலாம். மேஜையில் யாருக்கு மிகக் குறைந்த உயிர் மீதியோ, அத்தனை உயிர்தான் அவருக்கும் கிடைக்கும். இதற்கு ஸ்டார் என்று பெயர். இன்று மொபைல் கேமில் காசு கொடுத்து உயிர் வாங்குகிறோமே, அதற்குத் தாத்தா இது!

இந்தக் குடும்பத்து ஆட்டங்களில் ஒன்றான பிளாக் பூலில் மேலும் நிறப் பந்துகளைச் சேர்த்து, 1875-ல் ஜபல்பூரில் ஸ்னூக்கரை உருவாக்கினார் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின். (பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர் வேறு.) பிறகு அவர் நீலகிரிக்கு வந்தார். 1882-ல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி வைக்கப்பட்டன. ஸ்னூக்கரில் உயிர்க்கணக்கு இல்லை, புள்ளிதான். எனவே ஸ்டாருக்கு வேலை போயிற்று. தன் பந்தைக் காப்பதற்குப் பதிலாக, வெள்ளைப் பந்தை இன்னொரு பந்தின் பின்னால் ஒளித்து எதிராளியைத் தவறு செய்ய வைப்பதே தற்காப்பானது.

1974-ல் அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேஜை விளையாட்டிலும் இதே சிக்கல்தான். அதன் 2014 பதிப்பில் உடல்பலம் 0 ஆனாலும் உடனே மரணமில்லை. 20 முகப் பகடையை உருட்டி, மூன்று முறை தோற்றால்தான் சாவு. சாகக் கிடப்பவரை நிலைப்படுத்த ஒரு மந்திரமும் உண்டு. உங்கள் நண்பர்கள் '0 என்றால் மரணம்' என்று விதியை மாற்றினால் அந்த மந்திரம் வீண். 0-க்குப் போகாமல் 1-ல் நிறுத்தும் அரை-ஆர்க் இனத்தின் திறமையோ தங்கமாகிவிடும். விதியை மாற்றுபவர் மந்திரத்தையும் மாற்ற வேண்டும். விழும் நொடியிலேயே ஒருவரை 1-ல் தாங்கிப் பிடிக்கட்டும், ஆனால் நாளுக்கு ஒரு முறை மட்டும். அப்போதுதான் அதை எடுத்தவர் ஏமாறமாட்டார்.

மைன்கிராஃப்ட்டில் இந்த வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். சாதாரண சர்வைவல் முறையில் செத்தால், கடைசியாகத் தூங்கிய படுக்கையருகே எழுந்துவிடலாம். பொருட்கள் மட்டும் செத்த இடத்தில் சிதறிக் கிடக்கும். ஹார்ட்கோரில் ஒரே உயிர், படுக்கை இரவைக் கடத்த மட்டும்தான். எனவே சாதாரண முறையில் இடது கையில் கேடயம் போதும். ஹார்ட்கோரில் ஒரு முறை உயிர் காக்கும் டோட்டம் ஆஃப் அன்டையிங் கிடைத்தால் ஆபத்தான இடங்களில் அதையே பிடியுங்கள்.

உலகை உருவாக்கும்போதே ஹார்ட்கோரைத் தேர்வு செய்கிறோம். பிறகு ஆப்ஷன்ஸில் மாற்ற முடியாது. ஒரு மாதம் கட்டிய வீடு போய்விடுமே என்று பயமாக இருந்தால், ஜாவா பதிப்பில் சேவ்ஸ் ஃபோல்டரில் உள்ள உங்கள் உலகை அவ்வப்போது காப்பி எடுத்து வைக்கலாம். ஹார்ட்கோரிலும் இது வேலை செய்யும். ஆனால் அது காசே கட்டாமல் ஸ்டார் வாங்கிய கணக்கு!